உப்புக்காற்றில் செத்த இ-ரீடரும் நவம்பர் நாவலும்

மீட்டரில் பேட்டரி 4.18 வோல்ட் காட்டியபோது இரவு பதினொன்றரை. ஐந்து வாரமாக மேசை டிராயரில் பிரித்த மேனிக்குக் கிடந்த இ-ரீடர், மின்னூல் படிக்கிற கருவி. பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பத்து நொடிக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் திரை முழுக் கறுப்பாகி, வெள்ளையாகி, மறுபடி கறுப்பாகி, பழைய புத்தகப் பட்டியல் வந்து நின்றது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இது எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேர் சேர்ந்து ஒரே மாதத்தில் நாவல் எழுதுவது என்று ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அது நவம்பருக்கு மாறி, உலகம் முழுக்கப் பரவியது. 30 நாள், 50,000 சொல், ஒரு நாளைக்கு 1,667. அதை நடத்திவந்த அமைப்பு மூடப்படுவதாக 2025 மார்ச்சில் அறிவித்துவிட்டார்கள். நாங்கள் மூன்று தோழிகள், அமைப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்த நவம்பரில் தமிழில் எழுதியே தீர்வது என்று போனிலேயே பேசி முடித்தோம். என் நாவல் பாசி எடுக்கிற பெண்களைப் பற்றியது. என் பெரியம்மா பாம்பன் சின்னப்பாலத்தில் நாற்பது வருடம் கடல்பாசி எடுத்தவர். அவர் படித்துப் பார்த்து "சரி" என்று சொல்லாத ஒரு அத்தியாயமும் எனக்கு வேண்டாம்.

பிரச்சினை அங்கேதான். நான் மண்டபம் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்கிரீன்தான். எழுதியதை அதே ஸ்கிரீனில் படித்தால் கை தானாகத் திருத்தப் போய்விடுகிறது. ஒரு பத்தியைத் திருத்துவதற்குள் அன்றைய பொழுது முடிந்துவிடும். பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. போன் வெளிச்சத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் கண்ணில் நீர் வழியும். பிரிண்ட் எடுக்கலாம் என்றால் பக்கம் இரண்டு ரூபாய். எனக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பக்கம், பெரியம்மாவுக்குப் பெரிய எழுத்தில் நாற்பது பக்கம். அவருக்கு மட்டும் மாதம் 2,400 ரூபாய் ஆகிறது. அப்போதுதான் பரணில் கிடந்த இந்தக் கருவி ஞாபகம் வந்தது. ஆறு அங்குலத் திரை, பின்னால் விளக்கு கிடையாது, பக்கம் திருப்ப இரண்டு பக்கமும் பொத்தான்.

இந்த மாதிரிக் கருவியில் இருக்கிற இ-இங்க் (மின்மை) திரையில் ஒரு விஷயம் ஏமாற்றும். மின்சாரம் போன பிறகும் கடைசியாகக் காட்டிய படத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். என் கருவியில் காலி பேட்டரிப் படம் மூன்று வருடமாக ஒட்டிக்கிடந்தது. அதனால் வீட்டில் எல்லோருமே அது உயிரோடு இருக்கிறது, சார்ஜ் போட்டால் வந்துவிடும் என்று நினைத்திருந்தோம். போட்டேன், வரவில்லை. ஈரம் ஏறியிருக்கும் என்று யாரோ சொல்ல, இரண்டு நாள் அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். இதுதான் முதல் தப்பு. ஈரம் போனதா தெரியாது, சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள் தவிட்டுத்தூள் போய் அப்பிக்கொண்டது. அதைக் குத்தூசியால் நோண்டியெடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

பிரிப்பது அடுத்த கட்டம். திரையைச் சுற்றியுள்ள சட்டம் பசையால் ஒட்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா மணப்பெண் அலங்காரத்துக்கு வைத்திருக்கும் ஹேர் டிரையரை வாங்கிவந்து, குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றரை நிமிடம் காட்டினேன். அவசரத்தில் முதலில் சமையல் கத்தி முனையை விட்டுவிட்டேன். கீழ் மூலையில் சட்டம் சிராய்ந்தது. இன்னும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தால் திரைக் கண்ணாடி போயிருக்கும். அது தாள் மாதிரி மெல்லியது, உடைந்தால் கருவியே முடிந்தது. கத்தியைத் தூக்கி வைத்துவிட்டு, தேதி முடிந்த ஏடிஎம் கார்டை மூலையில் கத்தரித்துச் சாய்வாகத் தேய்த்து ஆப்பு மாதிரி ஆக்கிக்கொண்டேன். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே விடவில்லை. சட்டம் "டக், டக்" என்று ஒவ்வொரு கொக்கியாக விட்டுக்கொடுத்தது.

உள்ளே பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. திருகுகளின் தலையெல்லாம் செம்பழுப்பு. இந்தக் காற்றில் எதுதான் தப்பும்? 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரோடு அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். இரண்டு திருகு சுற்றச் சுற்ற வழுக்கியது. சைக்கிள் டியூபில் நகம் அளவு ஒரு துண்டு வெட்டித் திருகுத் தலைமேல் வைத்து, அதன்மேல் திருப்புளியை அழுத்திச் சுற்றினால் பிடிமானம் கிடைக்கிறது. இரண்டுமே வந்தது. கழற்றிய திருகுகளை ஒரு தாளில் கருவியின் படத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே செலோடேப்பால் ஒட்டி வைத்தேன். இதை எல்லோருமே செய்யலாம். நீளம் மாறிய திருகைப் போட்டு அழுத்தினால் திரை பின்பக்கத்திலிருந்து விரிசல் விடும்.

பேட்டரி 0.9 வோல்ட். லித்தியம் பேட்டரி இவ்வளவு கீழே போனால் அதைத் திரும்ப எழுப்பப் பார்ப்பது ஆபத்து. உப்பவில்லை, அந்தவரைக்கும் நல்லது. கனெக்டரைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வைத்துவிட்டேன். புதியதை ஆன்லைனில் தேடி, 3.7 வோல்ட், நீள அகலம் பொருந்துகிறது என்று பார்த்து 420 ரூபாய்க்கு வாங்கினேன். வந்ததும்தான் கண்ணில் பட்டது: பழையதில் மூன்று ஒயர், புதியதில் இரண்டு. நடுவில் உள்ள வெள்ளை ஒயர் வெப்பநிலையைச் சொல்கிற ஒயர். அது இல்லாமல் கருவி சார்ஜ் ஏற்றவே சம்மதிக்காது.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு மொபைல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, பத்து கே ரெசிஸ்டர் ஒண்ணு வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவுல போட்டா மெஷின் நம்பிரும்" என்றார். வெப்பநிலை ஒயருக்குப் பதில் ஒரு மின்தடையை வைத்துக் கருவியை ஏமாற்றுகிற வழி. செய்தால் வேலை செய்யும், தெரியும். ஆனால் பேட்டரி எவ்வளவு சூடானாலும் கருவி அதை எப்போதும் 25 டிகிரி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பெரியம்மா மடியில் வைத்துப் படிக்கப் போகிற சாமான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்கும் அது சரியென்று பட்டிருக்க வேண்டும், மூன்று ஒயர் பேட்டரியை எந்த எண் வைத்துத் தேட வேண்டும் என்று பழைய பேட்டரியின் முதுகில் உள்ள எழுத்தைத் துடைத்துக் காட்டினார். அதற்கு 890 ரூபாய், வந்துசேரப் பதினோரு நாள்.

பதினோரு நாள் கழித்து மாட்டினால், அப்போதும் சார்ஜ் ஏறவில்லை. யூஎஸ்பி மீட்டர் ஒன்று 340 ரூபாய்க்கு வாங்கி இடையில் போட்டுப் பார்த்தேன். 0.00 ஆம்பியர். ஒயரைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் 0.4, விட்டால் பூஜ்யம். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், தவிட்டுக்கும் அடியில், செம்பு முனைகளில் பச்சையாகக் களிம்பு. கோயில் குத்துவிளக்கில் பிடிக்குமே, அதே களிம்பு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் 100 மில்லி 190 ரூபாய். பல் துலக்கும் பிரஷ்ஷின் முடியைக் குட்டையாக வெட்டி, நனைத்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேய்த்தேன். பச்சை போனது. 0.42 ஆம்பியர் ஏறியது. அன்று முழுக்கக் கொண்டாட்டம். மறுநாள் மறுபடி பூஜ்யம். களிம்பு முனையின் மேல்பூச்சைத் தின்றுவிட்டிருந்தது. தேய்த்தால் வருவது ஒரு நாள் வாழ்வுதான். திரும்ப அதே கடை. தம்பி போர்ட்டையே மாற்றிக்கொடுத்தார், 250 ரூபாய். முதல் தடவை போனபோதே இதைக் கேட்டிருந்தால் ஒரு பஸ் செலவும் ஒரு லீவும் மிச்சம். பேட்டரி போயிருந்தால் போர்ட்டும் போயிருக்கும் என்று இந்த ஊர்க்காரியான எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டையும் கொன்றது ஒரே காற்று.

இப்போது 5 வோல்ட் 1 ஆம்பியர் சாதா சார்ஜரில் 0.45 ஆம்பியர் ஏறுகிறது, இரண்டேமுக்கால் மணி நேரத்தில் நிறைகிறது. ஐந்து நாள் சும்மா வைத்ததில் 100-லிருந்து 94-க்கு இறங்கியது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்தால் இங்கே கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் பக்கம் திருப்பும்போதுதான் மின்சாரம் தின்கிற கருவி என்பதால் அது எனக்குப் பெரிய நிம்மதி.

கருவி எழுந்த பிறகுதான் உண்மையான வேலை வந்தது. தமிழ்.

எழுதியதை காலிபர் என்ற மென்பொருளில் ஈபப் என்ற மின்னூல் கோப்பாக்கி ஏற்றினேன். எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துரு இல்லை போல என்று நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்தேன். கட்டம் போனது, எழுத்து வந்தது, ஆனால் உடைந்து வந்தது. "கெண்டை" என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நின்றது. "கோரை"யில் கொம்பும் காலும் சேர்ந்தாற்போல் பின்னாலேயே. இரண்டு ராத்திரி வேறு வேறு எழுத்துருவாக மாற்றி மாற்றிப் பார்த்து வீணடித்தேன். கோளாறு எழுத்துருவில் இல்லவே இல்லை. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது; அதைத் தூக்கி முன்னால் வைப்பது காட்டுகிற மென்பொருளின் வேலை. இந்தப் பழைய கருவிக்கு அந்த வேலை தெரியாது. கோபோ, பாக்கெட்புக் மாதிரி கருவி வைத்திருப்பவர்கள் கேஓரீடர் என்ற படிக்கிற மென்பொருளை நிறுவிக்கொண்டால் ஈபப்பிலேயே தமிழ் ஒழுங்காகத் தெரியும். என் கருவியில் அதை நிறுவ வழியில்லை.

வழி பிடிஎஃப்பில் கிடைத்தது. பிடிஎஃப்பில் எழுத்துகள் கம்ப்யூட்டரிலேயே இடம் பார்த்து உட்கார்ந்துவிடுகின்றன. கருவி படம் மாதிரி காட்டினால் போதும். ஆனால் ஏ4 பக்கத்தை ஆறு அங்குலத்தில் காட்டினால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். ஆகவே பக்கத்தையே திரை அளவுக்கு வெட்ட வேண்டும். ஆறு அங்குலம் என்பது மூலைவிட்டம். 3:4 விகிதத்துக்கு அகலம் 91 மில்லிமீட்டர், உயரம் 122. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் பக்க அளவை அப்படி வைத்து, நாலு பக்கமும் 4 மில்லிமீட்டர் ஓரம் விட்டேன். எனக்கு 13 புள்ளி எழுத்து, பெரியம்மாவுக்கு 20. பிடிஎஃப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும் என்பதால், ஒரே அத்தியாயத்துக்கு இரண்டு கோப்பு. எழுதுவது ஒரு தடவை, பாணியை மாற்றி இரண்டு தடவை ஏற்றுமதி. இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று கைப்பட்டுத் தெரிந்தது. புத்தகத்தில் போல இரண்டு ஓரமும் சமமாக வரும்படி வைக்கக் கூடாது. தமிழ்ச் சொல் நீளம். ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொல்தான் பிடிக்கிறது. ஓரத்தைச் சமப்படுத்தினால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே தோணி போகிற அளவு இடைவெளி விழுகிறது. இடப்பக்கம் மட்டும் நேராக விட்டேன், கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

அந்த நீளம் இன்னொரு கணக்கையும் மாற்றிவிட்டது. "பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்" என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் நான்கு. என்னிடம் இருந்த ஒரு ஆங்கிலப் பக்கத்தை, 300 சொல், சும்மா தமிழில் எழுதிப் பார்த்தேன். 190 வந்தது. அப்படியென்றால் தமிழில் 50,000 சொல் என்பது அவர்கள் கேட்டதைவிட ரொம்பப் பெரிய மூட்டை. நாங்கள் 30,000 என்று குறைத்துக்கொண்டோம், நாளைக்கு ஆயிரம். "பார்த்துக் கொண்டிருந்தாள்" என்று பிரித்து எழுதினால் எண்ணிக்கை கூடும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல் இருக்க, சேர்த்து எழுதுவது என்று மூன்று பேரும் பேசி வைத்தோம்.

அந்த ஆயிரமும் சரிப்படுமா என்று தீபாவளி முடிந்ததும் ஏழு நாள் ஒத்திகை பார்த்தேன். போனோடு புளூடூத் கீபோர்டு, தமிழ்99 தட்டச்சு, இரவு எட்டரையிலிருந்து பத்து. 640, 910, 0, 1,120, 1,050, 480, 1,010. மூன்றாவது நாள் சென்டரில் கூட்டம், வீட்டில் கரண்ட் இல்லை, எழுத உட்காரவே இல்லை. மொத்தம் 5,210. சராசரி 744. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இது என் கை சொல்கிற கணக்கு. ஆகவே நவம்பருக்கு 24,000, நாளைக்கு 800. தோழிகள் 30,000-லேயே நிற்கிறார்கள், நிற்கட்டும்.

ஒத்திகையில் ஒரு பழக்கம் உட்கார்ந்தது, அதை விடப் போவதில்லை. எழுதத் தொடங்கும் முன் முந்தின நாள் எழுதியதில் கடைசி இரண்டு பக்கத்தை இ-ரீடரில் படிப்பேன். அதில் திருத்த முடியாது, அதுதான் வேண்டும். தப்பு கண்ணில் பட்டால் நாற்பது பக்க நோட்டில் பக்க எண்ணோடு ஒரு வரி. டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம். போனில் படித்த நாட்களில் இருபது நிமிடம் திருத்தத்திலேயே போயிருந்தது.

உப்புக்கு என்ன செய்வது? கருவியைச் சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே வராது, அடுத்த தடவை பிரிக்கவும் முடியாது. போர்ட்டுக்கு இருபது ரூபாய் ரப்பர் மூடி. படிக்காத நேரத்தில் ஜிப் பையில், சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டோடு. ஈரம் குடித்தால் ஆரஞ்சு நிறம் பச்சையாகிற வகை வாங்கினேன். மழை நாளில் ஆறே நாளில் பச்சையாகிவிட்டது. சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய தோசைக்கல்லில் சிறு தீயில் வைத்தால் திரும்ப ஆரஞ்சு.

எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், இரண்டு பேட்டரி, ஆல்கஹால், போர்ட், மீட்டர், சிலிகா ஜெல் 150, மூடி, ஜிப் பை 60, ஆக 2,320 ரூபாய், பஸ் தனி. தப்பாக வாங்கிய பேட்டரியைக் கழித்தால் 1,900. அடுத்த தடவை என்றால் பிரித்துப் பார்த்து ஒயரை எண்ணிய பிறகுதான் பேட்டரிக்குப் பணம் கட்டுவேன். யூஎஸ்பி மீட்டரை முதல் நாளே வாங்குவேன். அது இருந்திருந்தால் பாதி ஊகம் தேவைப்பட்டிருக்காது. அரிசிப் பக்கமே போகமாட்டேன். கருவி எழுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் 91-க்கு 122 பக்கத்தை அமைத்து வைத்திருப்பேன், பதினோரு நாள் சும்மா காத்திருந்தேனே, அப்போது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னப்பாலம் போனேன். பெரியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரை படித்தவர், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஒரு கொம்பு இடம் மாறினாலும் அங்கேயே நின்றுவிடுவார். ஈபப்போடு நான் அவ்வளவு மல்லுக்கட்டியது அதனால்தான். கருவியை இரண்டு கையாலும் வாங்கினார். பாறையில் உரசி உரசித் தோல் காய்த்துப்போன விரல்கள். போன் திரை அவர் தொட்டால் பல நேரம் கேட்காது. பொத்தான் கேட்டது. "விளக்கே இல்லாமத் தெரியுதே" என்று வெயில் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் உதடு அசைய ஆரம்பித்தது. கட்டக்கோரை என்ற பாசியின் பெயரைத் தடங்கலில்லாமல் தாண்டினார், நான் மூச்சுவிட்டேன். அரை மணி நேரத்தில் ஒன்பது பக்கம்.

ஒன்பதாவது பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏம்மா, மரிக்கொழுந்துப் பாசிய வாரி அள்ளினாள்னு எழுதியிருக்க. வாரி அள்ளுறதுக்கு அது கரையில ஒதுங்குன கோரையா? கல்லோட ஒட்டிக்கிட்டுல்ல கெடக்கும். விரல்ல துணியச் சுத்திக்கிட்டு, மூச்ச அடக்கி உள்ள போயி, ஒவ்வொண்ணாப் பிய்க்கணும். கை அறுக்கும்."

நோட்டில் எழுதிக்கொண்டேன்: பக்கம் 9, பிய்க்கணும், கை அறுக்கும். டிசம்பர் வரை காக்க வைக்காமல் அன்றிரவே மாற்றிய ஒரே வரி அது. முதல் அத்தியாயம் இப்போது அவள் விரலில் துணி சுற்றுவதிலிருந்து தொடங்குகிறது.

இன்று அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை. சார்ஜ் 100. பவர் பேங்கும் நிறைந்திருக்கிறது. சிலிகா ஜெல் ஆரஞ்சாக இருக்கிறது. வெளியே வாடை அடிக்கிறது, நாளைக்குச் சனிக்கிழமை, சென்டர் அரை நாள்.